புழுதிக்குப் பரிவட்டம்

தமிழிசையின் வரலாற்றை இனி யார் எழுதத் துணிந்தாலும், திண்டிவனம் மேம்பாலத்துப் பக்கத்தில் இருக்கும் 'ஜெகா டிஜிட்டல் அண்ட் ஃப்ளெக்ஸ்' கடை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கும் மூன்று மணி டீக்கும் நடுவில் ஒரு மாபெரும் கலைஞரை உருவாக்கிய புண்ணிய பூமி அது.

நிறுவனர் ஜெகதீசனைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணை மயில்மேல் உட்கார வைத்து ஃப்ளெக்ஸ் அடித்தவர். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் செத்தவருக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி, துக்க வீட்டாரின் பாராட்டையே வாங்கியவர். திண்டிவனத்தில் அவருக்குத் 'தலைமையகம்'. விழுப்புரத்தில் மச்சானின் செல்போன் கடை மாடி 'மண்டல அலுவலகம்'.

இந்த மகா மனிதரிடம் போய்ச் சேர்ந்தவன்தான் பிரான்சிஸ். ஒலக்கூர் பக்கம் நாவலந்தல் காலனிக்காரன். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில், ஏணிமேல் நின்றுகொண்டு பாடுவது பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் குரலெடுத்தால், பிரசங்கத்தில் தூங்கிப்போனவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. நாவலந்தல் ஆடித் திருவிழாப் பாட்டுக் கச்சேரி மேடையில் ஒரு தடவை பாடிவிட வேண்டும். விழுப்புரத்துக்காரன் பாடிய மேடை அது. பாண்டிச்சேரிக்காரன் தண்ணி போட்டுவிட்டுத் தள்ளாடிப் பாடிய மேடை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற காலனியிலிருந்து மட்டும் ஒருத்தனும் ஏறியதில்லை. யாரும் தடுத்ததில்லை, பாவம். யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

அவனே பாடி அவனே முகம் காட்டி ஒரு வீடியோ போட்டுப் பார்த்தான். அவன் தங்கச்சி பார்த்தாள், தங்கச்சியின் தோழிகள் பார்த்தார்கள், விரல் தவறி இன்னும் சிலர் பார்த்தார்கள். "பாட்டு ஓகே, ஆளை மாத்துங்க ப்ரோ" என்று ஒருத்தர் கருத்தும் சொல்லியிருந்தார்.

ஆளை மாற்றுவது பற்றித் திண்டிவனம் தலைமையகத்தில் 'உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்' கூடியது. ஜெகதீசன் தலைமை. பிராண்ட் ஆலோசகர் ஜெசிந்தா முன்னிலை. அவள் விஸ்காம் படித்தவள், மடிக்கணினியைவிட்டுத் தலை தூக்காதவள். பிரான்சிஸ் 'சிறப்பு அழைப்பாளர்', அதனால் நாற்காலி கிடையாது.

"பிரான்சிஸு, ஒங்கொரலு தங்கம்பா. ஆனா மூஞ்சி..." ஜெகதீசன் நல்லவர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

"மூஞ்சிக்கு இன்னாணா?"

"ஒண்ணுமில்ல. அதாம்பா பேஜாரு. ஒண்ணுமே இல்ல."

ஜெசிந்தா சமாதானம் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. உங்க மூஞ்சி ரொம்ப ஒரிஜினலா இருக்கு. ஜனங்களுக்கு ஒரிஜினல் மாதிரி இருக்கிறதுதான் புடிக்கும், ஒரிஜினல் புடிக்காது."

இப்படியொரு தத்துவம் கிடைத்தபிறகு தாமதம் எதற்கு? புதிய கலைஞருக்குப் 'புழுதி' என்று ஒருமனதாகப் பெயர் சூட்டினார்கள். ஒற்றை வார்த்தைதான் இப்போது மவுசாம். திண்டிவனத்து விவசாயக் கூலி, முப்பது வயசு என்று ஜெசிந்தா கம்ப்யூட்டரிடம் முகம் கேட்டாள். பற்பசை விளம்பரத்தில் வருகிற மாதிரி ஒருத்தன் வந்து பளீரென்று சிரித்தான். வெயில் என்றால் என்னவென்று கேட்கிற கன்னம்.

"மாநிறம் போடும்மா," என்றார் ஜெகதீசன்.

"மாநிறம்தான் சார் போட்டேன். அது இப்படித்தான் புரிஞ்சிக்குது."

"அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாரேன்! சரி, இருக்கட்டும். எந்த ஊருன்னு போடறது? பிரான்சிஸு, ஒங்க ஊரு இன்னா?"

"நாவலந்தலு."

'நாவலந்தல்' என்றே அறிமுகப் பக்கத்தில் ஏற்றினார்கள். விழுப்புரம் டவுனில் பிறந்து வளர்ந்த ஜெகதீசனுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நம் பக்கத்து முகவரி மரபு அவருக்கு எங்கே தெரியும்! ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வெறும் 'நாவலந்தல்' என்று எழுதலாம். இந்தப் பக்கத்துக்காரர்கள் 'நாவலந்தல் காலனி' என்று எழுதியாக வேண்டும். பத்திரிகை அடித்தாலும் சரி, பாடை கட்டினாலும் சரி. அந்தப் பின்னொட்டு இல்லாததால் புழுதி அவர்கள், தாம் அறியாமலேயே ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் குடியேறிவிட்டார்.

படப்பிடிப்பு பொம்மையார்பாளையம் கடற்கரையில் நடந்தது. பாட்டோ மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற பாட்டு.

"மல்லாட்டைக்கும் கடலுக்கும் இன்னாணா சம்பந்தம்?" என்று கேட்டான் பிரான்சிஸ்.

"உப்பு போட்டு வேவிச்சாதானே மல்லாட்டை? கம்முனு நில்லு. கழுத்துக்குக் கீழ நீ, கழுத்துக்கு மேல பிராண்டு. நீ கைய ஆட்டு, மூஞ்சிய அப்பால ஒட்டிக்கலாம்."

கை ஆட்டினான். நகக்கண்ணில் இருந்த பெயிண்ட்டைக்கூட ஜெசிந்தா பிறகு அழித்துவிட்டாள். பாட்டில் மட்டும் கை வைக்கவில்லை. அது பிரான்சிஸே கட்டியது.

"மல்லாட்ட புடுங்குன கையி
மண்ணு நாறுது மாமா
நாறுற மண்ணு ஒனக்கு வேணும்
கையி மட்டும் வாணாமா?"

வீடியோ வெளிவந்தது. ஐயோ, அந்த வெற்றியை என்னவென்று சொல்ல! ஷேர் ஆட்டோவில் அது, டீக்கடையில் அது, வல்லத்துப் பக்கம் கல்யாண மண்டபங்களில் பாயசம் போடும்போது அது. "மண்ணின் மணம்", "வியர்வையின் குரல்" என்று வியர்க்காத மூஞ்சிக்குக் கீழே எழுதிக் குவித்தார்கள். வீட்டில் பிரான்சிஸின் அம்மா சவுரியம்மாள் மட்டும் செல்போனை உற்றுப் பார்த்துவிட்டு, "கொரலு நீ. இந்த வெள்ளாவி வெச்ச பையன் யார்ரா?" என்றாள்.

"அதான்மா நானு."

"நல்லா இருக்குதுடா நாயம்! பெத்தவளுக்கே தெரியாம."

நாவலந்தல் விழாக் குழுத் தலைவர் அரங்கநாதன் ஒருநாள் தலைமையகத்துக்கே எழுந்தருளினார். பிரான்சிஸ் அப்போது மூலையில் ஃப்ளெக்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தான். தலைவர் அவனைப் பார்த்தார், பெயிண்டர் என்று தெரிந்துகொண்டு பார்வையை எடுத்துவிட்டார்.

"புழுதித் தம்பி எங்க ஊராமே? ஆடித் திருவிழாவுல தம்பிய ஊர்வலமா கூட்டிக்கினு போயி, பரிவட்டம் கட்டி மேடையேத்தணும்னு ஊரு முடிவு பண்ணியிருக்குது."

ஜெகதீசனுக்குத் தொழில் தர்மம் பொங்கிவிட்டது. உண்மையையே சொன்னார். "ஐயா, அப்படி ஒரு ஆளே இல்லீங்க. கம்ப்யூட்டர்ல செஞ்சதுங்க."

"இல்லாட்டி இன்னா தம்பி? இல்லாத ஆளா இருந்தாலும் நம்ம ஆளுதானே?"

"ஆங்?"

"நாவலந்தல்னுதானே போட்டிருக்கீங்க? காலனின்னு போடலியே! அப்ப எங்க தெருதான். அந்தக் கன்னத்தப் பாத்தாலே தெரியுதே, எங்க பங்காளி வூட்டு ஜாடை." தலைவர் புழுதியின் படத்தைத் தடவிக் கொடுத்தார். "திரையில வரட்டும். ஆனா ஒண்ணு, பாட்டு லைவா இருக்கணும். சாமி காரியம் பாருங்க, ஏமாத்தக்கூடாது."

அவர் போனதும் பிரான்சிஸ் சுருட்டிய ஃப்ளெக்ஸைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான். "அண்ணா, அது எங்க ஊரு மேடைணா. நான் எத்தினி நாளா..."

"தெரியும்பா. நீ மைக்குல பாடப் பாட, கம்ப்யூட்டரு அவன் வாய அசைக்கும். பாட்டு முடிஞ்சதும் ஒன்ன மேடையில ஏத்தி, 'இவன்தாங்க அந்தக் கொரலு'ன்னு மைக்குல சொல்லிடறேன். எம்மேல சத்தியம்."

பிரான்சிஸ் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? முகம் எவனுடையதாக இருந்தால் என்ன, குரல் ஏறிய மேடையில் ஒருநாள் காலும் ஏறாதா என்று நினைத்தான். புதுச் சட்டை வாங்கி இஸ்திரி போட்டுக்கொண்டான்.

திருவிழாச் சாயங்காலம். டிராக்டர் டிரெய்லரில் பெரிய திரை, திரையில் புழுதி, பக்கத்தில் ஜெனரேட்டர். ஜெசிந்தா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். மைக்கும் கையுமாகப் பிரான்சிஸ். மேளம் முழங்க ஊர் எல்லை வளைவு வரைக்கும் வந்தார்கள். அங்கே அரங்கநாதன் பூரண கும்பத்தோடு நின்றார். திரைக்கு ஆரத்தி எடுத்தார்கள். ஏணி போட்டு ஏறி, திரையின் தலைப்பக்கம் பரிவட்டம் கட்டினார்கள். அப்போதுதான் தலைவரின் கண் பிரான்சிஸ்மேல் விழுந்தது.

"ஏம்பா, பெயிண்டர்தானே நீ? வயரு பாக்க வந்தவன் எதுக்கு உள்ள? சாமி பொறப்பாடு நேரம். எறங்கி அப்படி ஓரமா நில்லு."

பிரான்சிஸ் ஜெகதீசனைப் பார்த்தான். ஜெகதீசன் வானத்தைப் பார்த்தார். வானத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"வயர்லெஸ் மைக்கு தானேப்பா," என்று மெல்லச் சொன்னார். "இங்கேருந்தே எடுக்கும். ஜல்தி எறங்கு, நேரமாவுது."

பிரான்சிஸ் இறங்கினான். பஸ் நிழற்குடையின் ஓரமாகப் போய் நின்றான். டிராக்டர் தேரோடும் வீதிக்குள் போய்க் கச்சேரி மேடை முன்னால் நின்றது. முகம் உள்ளே, தொண்டை வெளியே. ஒரு கலைஞரை இவ்வளவு துல்லியமாக எல்லைக்கோடு போட்டுப் பிரித்தவர்கள் உலகத்தில் வேறு எவருமில்லை.

பாடினான். ஸ்பீக்கரில் அவன் குரல் கோயில் வரைக்கும் போய் எதிரொலித்து அவனிடமே திரும்பி வந்தது. "கையி மட்டும் வாணாமா?" என்று அவன் கேட்டபோது, அந்தத் தெருவே கைதட்டி, அதையே திருப்பிப் பாடியது. ரசிகத்தன்மை என்றால் அதுதான். கேள்வி யாரைப் பார்த்து என்று ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாட்டு முடிந்தது. ஜெகதீசன் தன்னைக் கூப்பிடுவார் என்று பிரான்சிஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கேட்டதோ அரங்கநாதனின் குரல்.

"இந்தக் கொரல்ல ஓடுறது எங்க ரத்தம்! தம்பி புழுதி, ஊரு கேக்குது, நீயே ஒன் வாயால சொல்லு. நீ யாரு வூட்டுப் புள்ள?"

இதற்கு ஜெசிந்தா ஏற்கெனவே வசனம் எழுதித் தந்திருந்தாள். 'இந்த ஊரே என் வூடுதாங்க' என்று சொல்லிவிட்டு அழகாகச் சிரிக்க வேண்டும். பிரான்சிஸ் மைக்கை வாய்க்கிட்டே கொண்டுபோனான். பயமா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. ரெண்டும்தான்.

திரையில் புழுதி பரிவட்டத்தோடு, பல்லெல்லாம் தெரியச் சொன்னான்: "காலனி சவுரியம்மா வூட்டுப் புள்ளங்க. பிரான்சிஸு. ஒங்க மாட்டுக் கொட்டாய்க்கு நான்தாங்க பெயிண்ட் அடிச்சேன்."

மேளக்காரன் குச்சியைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான்.

"நிறுத்துறா அத!" என்று அலறினார் தலைவர். ஜெசிந்தா நிறுத்தவில்லை. பொத்தான் எங்கே என்று தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னாள், அது வேறு விஷயம். "பாட்டு புடிச்சிருந்தா சொல்லுங்க," என்றான் புழுதி, "வளைவுக்கு வெளியதான் நிக்கிறேன்."

அடுத்த நொடி பரிவட்டத்தை அவிழ்த்தார்கள். அத்தோடு விட்டார்களா? சம்பிரதாயம் என்று ஒன்று இருக்கிறதே. குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து திரைமேல் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள்.

"ஐயா, கரெண்ட்டுங்க! வாடகைத் திரைங்க!" என்று ஜெகதீசன் காலில் விழாத குறை. டப்பென்று புகை வந்தது. புழுதியின் முகம் முதலில் பச்சையாகி, பிறகு பாதியாகி, கடைசியில் பல் மட்டும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

பிரான்சிஸ் வீட்டுக்குப் போனபோது சவுரியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான்.

"மைக்குல எம்பேரச் சொன்னியாடா?"

"சொன்னேம்மா."

"கேட்டுச்சு. கோயிலு வரைக்கும் கேட்டுச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு வேலை குடுக்க மாட்டானுங்க. போவட்டும். சாப்பிட வா."

வேலை கொடுக்கவில்லைதான். பிரான்சிஸ் இப்போது மரக்காணம் பக்கம் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். ஏணி இல்லாததால் மணலில் நின்று பாடுகிறான்.

ஜெகதீசன் அசந்துவிடுகிற ஆளா? அடுத்த கலைஞரைச் செய்து முடித்துவிட்டார். கேள்விப்பட்டு அரங்கநாதன் மறுபடியும் தலைமையகத்துக்கு வந்தார். இந்தத் தடவை உஷாராக வந்தார்.

"இந்த ஆளு எந்த ஊரு?"

"எந்த ஊரும் இல்லீங்க."

"அப்பா, அம்மா?"

"கெடையாதுங்க."

"கொரலு?"

"அதுவும் கம்ப்யூட்டரே பாடிக்குதுங்க. மூச்சுகூட வுடாது."

அரங்கநாதனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப இன்னா தம்பி! ஊருக்குள்ள எந்தத் தெருவுல வேணா வரட்டும். கோயிலுக்குள்ளகூட வரட்டும்."

நாவலந்தலில் பாகுபாடு பார்க்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வளைவைத் தாண்டி உள்ளே போக ஒரு மனிதனிடம் அவர்கள் பணம் கேட்பதில்லை, படிப்புக் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவன் எந்தத் தாய் வயிற்றிலும் பிறந்திருக்கக் கூடாது.