ஓடாத கரவனுக்கு வந்த விருந்தாளிகள்

கூரை ஒழுகுகிறது என்று கேட்டதும் சிறில் செய்த முதல் வேலை, ஃபோனைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டியதுதான். கூரை ஒழுகுவது பெரிய விஷயமில்லை. அது மனைவி மாகிரட்டின் காதில் விழுவதுதான் பெரிய விஷயம்.

நியூசிலாந்தில் புக்கெகோஹிக்கு அப்பால், கடலோர ஹொலிடே பார்க் ஒன்றில் நிற்கிறது சிறிலின் கரவன் என்ற வண்டிவீடு. சில்லு உண்டு, ஓடாது. இணைய ஏலத்தில் ஆர்வக்கோளாறில் விரலை அழுத்தி வாங்கியது. விற்றவர்களைச் சிறில் கண்டதுகூட இல்லை. கதவுத் திறப்பை பார்க் ஒஃபிஸில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இட வாடகை, இன்ஷூரன்ஸ், காஸ் என்று, நின்ற இடத்தில் நின்றபடியே அது வீட்டுக் கடன் மோர்ட்கேஜுக்குப் போட்டியாகக் காசைத் தின்றது.

"ஈஸ்டருக்குள்ள அது தன்ர செலவைத் தானே பாக்கவேணும். இல்லாட்டி வித்துப்போடுவன்" என்று மாகிரட் சொல்லிவிட்டார். சிறிலுக்கோ, அதன் வாசலில் கதிரை போட்டுக் கடலைப் பார்த்துத் தேத்தண்ணி குடிப்பதைவிட உலகத்தில் வேறு சுகம் இல்லை.

ஆகவே வாடகைக்கு விட்டார். முதலில் வந்தது சேர்ச் நண்பர் தவராசா குடும்பம். பத்துப் பேர்.

"பூசையில முகம் பாக்கிற சனத்திட்டக் காசு வாங்குறதோ? வெக்கமில்லையோ?" என்று மாகிரட்டே தடுத்துவிட்டார். விற்பேன் என்பவரும் அவர்தான், வாங்காதே என்பவரும் அவர்தான்.

அதனால்தான் முன்பின் தெரியாத ஆட்களாகப் பார்த்து, கிரேம், ஷெரில் என்ற வயதான வெள்ளைக்காரத் தம்பதிக்குக் கொடுத்தார். இறுகிக் கிடக்கும் கதவை ஷெரில் முதல் தடவையிலேயே இடுப்பால் ஒரு இடி இடித்துத் திறந்தாள். கெட்டிக்காரி என்று சிறில் மெச்சிக்கொண்டார். இப்போது அந்தக் கெட்டிக்காரிதான் ஃபோனில்.

"நல்லகாலம், வாளி நாங்களே கொண்டுவந்தோம். ஆனால் ஒரு நட்சத்திரம்தான் போடமுடியும்" என்றாள்.

வாடகைக்கு விளம்பரம் போட்ட இணையதளத்தில் ஒரு நட்சத்திரம் விழுந்தால் பிறகு ஒருவரும் வரமாட்டார்கள். சிறில் பறந்துபோய் ஏணி வைத்துக் கூரையில் ஏறினார். பூச்சுப் பூச முதலே அவருடைய வலது கால் உள்ளே போய், படுத்திருந்த கிரேமின் மூக்குக்கு நேரே தொங்கியது.

இனி மறைக்க வழியில்லை. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரிடம் மாகிரட் பாய்ந்தார். ஆனால் பாய்ந்தது கூரைக்காக அல்ல.

"வந்த சனத்தை நனைய விட்டிட்டோ வந்தனீங்கள்? சாப்பிட ஏதும் குடுத்தனீங்களோ?"

"அவை வாடகைக்கு வந்த ஆக்களப்பா!"

"எங்கட வாசலுக்கு வந்தா எங்கட விருந்தாளி."

மன்னிப்புக்கு அடையாளமாக ஒரு சட்டி நண்டுக்கறி போனது. அதைத் தின்ற கிரேம் தண்ணீர் குடித்துக் குடித்துக் கண்ணீர் விட்டார். ஷெரில் மறுபடியும் நட்சத்திரக் கதையை எடுத்தாள். உடனே மாகிரட் இருவரையும் காரில் ஏற்றி மனுரேவாவில் இருக்கும் தங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, தன் கட்டிலையும் கொடுத்துவிட்டார்.

"அப்ப நாங்கள் எங்க படுக்கிறது?" என்றார் சிறில்.

"ஒரு பாத்ரூம் வீட்டில நாங்களும் நிண்டா அவைக்கு இடைஞ்சல். கரவனுக்குப் போவம்."

போனார்கள். அன்றைக்கென்று மழை கொட்டியது. வீட்டுக்காரர் இருவரும் கரவனுக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஷெரிலின் செய்தி வந்தது: வீடு சொர்க்கம், ஃபிரீசரில் இருந்த இடியப்பம் அருமை, ஐந்து நட்சத்திரம் உறுதி, அதே வாடகைக்கு ஈஸ்டர் வரை நிற்கலாமா?

"பாத்தீரே? கரவன் தப்பீட்டுது!" என்று சிறில் குடைக்குள் துள்ளினார். மாகிரட்டின் முகம் போன போக்கைப் பார்த்துத் துள்ளலை நிறுத்திக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. ஊருக்குப் போய் அன்றுதான் மதுரையிலிருந்து திரும்பியிருந்த பார்க் ஒஃபிஸ் மதன்குமார், தார்ப்பாயோடு நின்றான்.

"என்ன சார், வாடகைக்கு விட்டிருக்கீங்கன்னாங்க, நீங்களே நனைஞ்சுட்டு இருக்கீங்க?"

"வாடகைக்கு வந்த ஆக்கள் எங்கட வீட்டில நிக்கினம் தம்பி" என்றார் சிறில் பெருமையாக. "கிரேம், ஷெரில் எண்டு, முன்பின் தெரியாத சனம். ஆனா தங்கமான சனம்."

மதன்குமார் தார்ப்பாயைக் கீழே போட்டான்.

"முன்பின் தெரியாதவங்களா? சார், நாலு வருஷம் இந்தக் கூரையோட மல்லுக்கட்டிட்டு, 'சொந்தமா வச்சிருந்தது போதும், இனிமே வாடகைக்கே வந்துக்கலாம்'னு இதை உங்க தலையில கட்டினவங்களே அவங்கதான்!"