ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்த சின்ன டிரைவ்

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை ஜெய்சங்கர் அவர்களுக்கு, எடமலைப்பட்டி புதூரிலிருந்து மாமனார் சுடலைமுத்து எழுதுவது. இங்கே உங்கள் அத்தை சந்திரம்மாள் நலம், நான் நலம், என் முழங்கால் பாதி நலம். கம்ப்யூட்டர்தான் தேவைக்கு மேல் நலமாக இருக்கிறது. அதைப் பற்றியே இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே பிரேமலதா பிடுங்கிக்கொண்டு, "அப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும்.

பொங்கலுக்கு வந்தபோது, "என்ன மாமா, இது எழுந்திருக்கவே இவ்வளவு நேரம் எடுக்குது? ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. டிரைவ் போட்டா ஜம்முனு ஆயிடும்" என்று சொல்லி, சீட்டுக்கட்டைவிட ஒல்லியான ஒரு டப்பாவை உள்ளே பொருத்தினீர்கள். விண்டோஸை அதில் ஏற்றிவிட்டு, போட்டோக்களையெல்லாம் பழைய டிஸ்கிலேயே பத்திரமாக விட்டீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "இதுக்குள்ள சுத்துற சாமானே கிடையாது மாமா" என்று வேறு சொன்னீர்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சக்கரங்களோடு ஆயுளைக் கழித்தவன் நான். சுற்றாத ஒன்று ஓடும் என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை என்ற மரியாதைக்குத் தலையாட்டிவிட்டேன்.

என் நண்பர் ராமானுஜத்தை உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி நின்று விசாரித்தாரே, ஸ்ரீரங்கத்துக்காரர், அவர்தான். நான் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தபோது அவர் டைம் ஆபீஸில் கிளார்க். மனைவி தவறிய பிறகு வடக்குச் சித்திரை வீதியில் தனியாக இருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகன் ஸ்ரீநிவாஸ் வாரம் தவறாமல் போட்டோவோடு மெயில் அனுப்புவான். அதை நம் வீட்டுப் பெரிய திரையில் பார்ப்பதற்காக ஞாயிறுதோறும் காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி வருவார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். பல வருஷமாக இதுதான் வழக்கம்.

அவர் செருப்பைக் கழற்றும்போதே நான் ஸ்விட்சைப் போடுவேன். உள்ளே டிஸ்க் உறும ஆரம்பிக்கும், ஷெட்டிலிருந்து கிளம்ப மனசில்லாத இன்ஜின் மாதிரி. அது கிளம்புவதற்குள் அத்தை டிகாக்‌ஷன் இறக்கிக் காப்பி கலந்து கொண்டுவந்துவிடுவாள். நாங்கள் பேச ஆரம்பிப்போம். ஒர்க்‌ஷாப் சங்கு ஒருநாள் ஊத ஆரம்பித்து நிற்காமல் போனதும், பொன்மலை பூரா ஜனம் என்னவோ ஏதோவென்று தெருவுக்கு வந்து நின்றதும், பொன்மலைச் சந்தையில் நாங்கள் வாங்கிய கோழி ராமானுஜத்தின் மேஜை மேலேறி உட்கார்ந்துகொண்டதும், அவர் என் கல்யாண லீவில் தேதியைத் தப்பாகப் போட்டதால் நான் மாலையைக் கழற்றிய கையோடு வேலைக்கு ஓடியதும் ஒவ்வொன்றாக வரும். அந்த இடத்தில் அத்தை, "அன்னைக்கு எங்கப்பா மொகத்தைப் பாக்கணுமே!" என்று ஆரம்பிப்பாள். கம்ப்யூட்டர் தயாராகி நிற்கும். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

நீங்கள் ஊருக்குப் போன அடுத்த ஞாயிறு அவர் வந்தார். ஸ்விட்சைப் போட்டேன். அவர் வேட்டியைச் சரிசெய்து உட்காருவதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது. மெயில் திறந்தது. பேத்தி பனியில் நிற்கிற போட்டோவைப் பார்த்தார். "பேஷ்! க்ஷணத்துல ஆயிடுத்தே ஓய். அப்போ நான் வரட்டுமா?" என்று எழுந்துவிட்டார். உள்ளே டிகாக்‌ஷன் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "இருங்க சாமி, காப்பி" என்றேன். "உமக்கு எதுக்குச் சிரமம்? வந்த காரியம்தான் முடிஞ்சுடுத்தே" என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு நான் முன்கூட்டியே நெட் வயரைப் பிடுங்கி வைத்தேன். வேகம் குறையுமே என்றுதான். "நெட் இல்லையா? அப்போ இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று முன்னைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டார். அதற்கடுத்த வாரம் புத்தி இன்னும் கெட்டுப்போய், கம்ப்யூட்டரே பழுது என்று போனில் சொல்லிவைத்தேன். பழுதென்றால் அனுதாபப்பட்டாவது வந்து உட்காருவார் என்று நினைத்தேன். "அடடா, ரிப்பேர் ஆனதும் சொல்லும்" என்று வைத்துவிட்டார். பதறிப்போய் மறுநாளே, சரியாகிவிட்டது, வாருங்கள் என்றேன். "அதான் சட்டுனு தொறந்துடறதே, நீரே பாத்துட்டு போன்ல சொல்லிடும் ஓய்" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. நேற்று ஞாயிறு. அத்தை பழக்கதோஷத்தில் மூன்று டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றை மறுபடி அலமாரியிலேயே வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஏங்க, சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம் வாங்கன்னு அவரைக் கூப்பிட்டா என்னவாம்?"

"காரணம் இல்லாம எப்படிக் கூப்பிடுறது?"

"நல்லா இருக்கு! இவ்வளவு வருஷப் பழக்கத்துல அந்த ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையாக்கும் ரெண்டு பேருக்கும்!"

வரவில்லைதான். பஞ்சப்படி பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். "நீங்க வராட்டி வீடு வெறிச்சுனு இருக்கு சாமி" என்று அவரிடம் சொல்ல எனக்கு வராது. அவருக்கும் வராது. அதையெல்லாம் எங்களுக்காக அந்தப் பழைய டிஸ்க்தான் உறுமி உறுமிச் சொல்லிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

ஆகையால், தாங்கள் தயவுசெய்து அடுத்த லீவில் வந்து அந்தச் சின்ன டிரைவைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி பழைய டிஸ்கிலேயே ஏற்றிக் கொடுக்கவும். முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் மேல் துளியும் வருத்தமில்லை. பேத்தி அனுபமாவுக்கு என் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், அவசரமும் இல்லாமல் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
சுடலைமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வாசலில் ராமானுஜம் வந்து நிற்கிறார். இன்று ஞாயிறுகூட இல்லை. வெகுநேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, "உம்ம மாப்பிள்ளைகிட்ட எனக்கும் அதுமாதிரி ஒரு சின்ன டிரைவ் கேட்டுச் சொல்லும் ஓய். ஆத்துல இருக்கற கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ" என்றார். ஸ்ரீநிவாஸ் வாங்கிக் கொடுத்தே பல வருஷம் ஆகிறதாம்! பெரிய திரையாம்! அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஆகவே நம் வீட்டு டிரைவைக் கழற்ற வேண்டாம். இன்னொன்று வாங்கி உடனே அனுப்பவும். நானே ஸ்ரீரங்கம் கொண்டுபோய்ப் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பொருத்தி முடிக்க நாலைந்து ஞாயிற்றுக்கிழமையாவது ஆகும் என்றும் சொல்லியிருக்கிறேன். அவர் போன் செய்து கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும்.