மாவு அண்ணன் எடுத்த காலி நாற்காலி

உலகத்தில் போட்டோ எடுக்கிறவர்கள் எல்லோரும் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்வார்கள். சொல்லாத ஒரே ஆள் எங்கள் இரும்புலியூர் மாவு அண்ணன்தான். அவர் எடுக்கிற படத்தில் சிரிக்க ஆளே இருக்காது.

பிள்ளைகளே, அவருக்கும் அப்பா அம்மா ஒரு பேர் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. காலையில் மொபெட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் டிரம்மை வைத்துக்கொண்டு வருவார். டிரம் நிறைய இட்லி மாவு. வீட்டில் சம்சாரம் அரைப்பார், இவர் விற்பார். அதனால் இவர் மாவு அண்ணன், அந்த அம்மா மாவு அக்கா. அவ்வளவுதான் அறிமுகம்.

வாசலுக்கு வாசல் கத்த வேண்டாமே என்று அண்ணன் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். பேர் 'மாவு ரெடி'. தெருவே அதில் சேர்ந்தது. "மாவு ரெடி" என்று இரண்டு வார்த்தை போட்டால் நாங்கள் பாத்திரத்தோடு வெளியே வந்துவிடுவோம். ஆனால் அண்ணனுக்கு இரண்டு வார்த்தை போதவில்லை. முதலில் ஒரு படம் போடுவார். அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்து அவருக்கு ஞாபகம் வந்தது எல்லாவற்றையும் எழுதுவார். மாவு கடைசியில்தான் வரும்.

ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிக்கட்டு. இன்னொரு நாள் ஏரிக்கரையில் சிமெண்ட் கலக்கும் மிஷின் மேல் உட்கார்ந்திருக்கும் கொக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக் கொடியில் காயும் யூனிஃபார்ம்; கீழே, "இந்த வூட்டுல நாளைக்கு ஸ்கூலு. எனக்கு நாலாங்கிளாஸ்ல கணக்கு வாத்தியார் காத முறுக்குனது இப்பவும் வலிக்குது. மாவு ரெடி." மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றபோது அதையும் எடுத்தார். "போன மழைக்கு எங்க வூட்டு கிரைண்டர் மெதந்துச்சி. கிரைண்டர் மெதக்காது. ஆனா மெதந்துச்சி. மாவு ரெடி."

மாவு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் தினமும் இவருடைய நாலாங்கிளாஸ் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. என் மனைவி வேகமாகப் படிக்கமாட்டாள். அவள் கடைசி வரிக்கு வருவதற்குள் டிரம் காலியாகிவிடும்.

"அண்ணே, மாவு இருக்குன்னு முதல்லயே போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மொதல்லயே போட்டா மீதிய யாருமா படிப்பாங்க?" என்றார் அண்ணன்.

ஏன் ஆட்களை எடுப்பதில்லை என்று நானும் ஒருநாள் கேட்டேன். "ஆள எடுத்தா போஸ் குடுத்துடுவான் சார். செருப்பு போஸ் குடுக்காது. வாசல்ல செருப்பப் பார்த்தா உள்ள யாரு கீறாங்க, எப்பிடிக் கீறாங்கன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

மாவு அக்காவுக்கு இது எதுவும் பிடிக்காது. "கைல போன வெச்சிகினு தெருத்தெருவா செருப்ப புடிச்சிகினு கீது. மாவு புளிச்சிகினு கீது" என்று கிரைண்டரிடம் சொல்வார். கிரைண்டர்தான் அவர் சொல்வதை எதிர்த்துப் பேசாமல் கேட்கும்.

இனி கண்டக்டர் சார் விஷயத்துக்கு வருகிறேன்.

கண்டக்டர் சார் எங்கள் தெருக் கோடி வீட்டில் தனியாக இருப்பவர். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை. மகள் கூடுவாஞ்சேரிப் பக்கம். பொழுது விடிந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தெருவில் நாலு பேர் நின்று பேசினால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத" என்று குரல் வரும். போகிறவர்களும் பழக்கத்தில் நகர்ந்து போய்விடுவார்கள். பொத்தான் அமுக்குகிற பழைய போன்தான் வைத்திருந்தார். அதனால் மாவு குரூப்பில் அவர் இல்லை.

ஒருநாள் காலை அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. வீடு பூட்டியிருந்தது. மாவு அண்ணன் மொபெட்டை நிறுத்தி அதைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். கீழே இப்படி எழுதியிருந்தார்:

"கண்டக்டர் சார் வூட்டு வாசல். சேர் காலி. எத்தினி வருசமா பார்த்த மொகம், இன்னிக்கு இல்ல. தெருவே ஒரு மாதிரி கீது. தங்கமான மனுசன். நம்ம மாவ ஒருநாளும் புளிக்குதுன்னு சொன்னதில்ல. மாவு ரெடி."

வழக்கம்போல அதற்குக் கீழே இரண்டு கை கூப்புகிற பொம்மை.

முதலில் யாரோ "ஓம் சாந்தி" என்று போட்டார்கள். அடுத்தவர் "ஆழ்ந்த இரங்கல்". எதிர்வீட்டு மேரி டீச்சர், "ஆண்டவர் மடியில் இளைப்பாறட்டும்". பிறகு குரூப் முழுக்க ஒரே அழுகை. ஒருவரும் போன் செய்து கேட்கவில்லை. இறந்த வீட்டுக்கு யாராவது போன் செய்து "உண்மையா?" என்று கேட்பார்களா? வீடு பூட்டியிருக்கிறதே என்று ஒருவர் சந்தேகப்பட்டார். "ஆஸ்பத்திரியில இருந்து இன்னும் கொண்டுவரலை" என்று எங்கள் நலச்சங்கத்துச் செக்ரட்டரி சார் விளக்கம் சொன்னார். சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

துக்க வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்தார்தான் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மகள் குடும்பம் வரும், சொந்தக்காரர்கள் வருவார்கள், பசியோடு இருப்பார்கள். சீக்கிரம் செய்யக்கூடியது எது? இட்லி. மாவு எங்கே? தெரு முனையில் ரெடியாக நிற்கிறது.

பெண்கள் எல்லோரும் பாத்திரத்தோடு ஓடினார்கள். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு கிலோ குடுங்கண்ணே. மனசைத் தொடற மாதிரி எழுதியிருந்தீங்க" என்றாள் என் மனைவி. மேரி டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படிச்சதும் அழுதுட்டேன்" என்றார்.

மாவு அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை; புரிந்த அளவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் செருப்பையும் கொக்கையும் போட்டபோது "மாவு உண்டா இல்லையா" என்று மட்டும் கேட்டவர்கள், ஒரு நாற்காலிக்காக அழுகிறார்கள்! கடைசியில் தன் எழுத்துக்குத் தெரு மரியாதை கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். டிரம் காலி. குரூப்பில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமலே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு டிரம் அரைக்க வீட்டுக்குப் பறந்தார்.

பந்தல்காரர் வந்து, எந்த வீட்டு வாசல் என்றே தெரியாதபடி தெருக் கோடியை அடைத்து ஷாமியானா கட்டினார். வாடகை நாற்காலிகள் வந்தன. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைக்க கண்டக்டர் சார் படம் யாரிடமும் இல்லை. செக்ரட்டரி சார், மாவு அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கண்டக்டர் சார் படம் ஏதாவது வச்சிருக்கீங்களா? ஃப்ளெக்ஸ் போடணும்."

"ஃப்ளெக்ஸா! போடுங்க சார். உயிரோட இருக்கும்போது யாரு சார் இதெல்லாம் பண்றாங்க? தகுதியான ஆளுதான்" என்றார் அண்ணன்.

செக்ரட்டரிக்கு அந்த வாக்கியம் கொஞ்சம் இடித்தது. துக்கத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டார். உடனே மூன்று படங்கள் வந்தன. ஒன்றில் கண்டக்டர் சாருடைய செருப்பு. ஒன்றில் அவருடைய குடை. மூன்றாவதில் கொடியில் காயும் அவர் லுங்கி.

பத்துப் பன்னிரண்டு ஹாட்பாக்ஸ் வந்து பூட்டிய கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றன. நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஷாமியானாவுக்குள் நுழைந்தேன். கடைசி வரிசையில் ஒருவர், செருப்பைக் கழற்றிவிட்டு, தோள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாம்பூலப் பை. பக்கத்தில் பந்தல்காரரின் ஆள்.

"எப்ப ஆச்சி?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"காலைலயாம் பெரியவரே. நல்ல மனுசனாம்."

"யாரு?"

"யாரோ ரிட்டயர்டு கண்டக்டராம்."

"அடப்பாவமே. எந்த டிப்போ?"

வாளி என் கையிலிருந்து நழுவியது. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? அது கண்டக்டர் சார்! மகள் வாங்கிய புது ஃப்ளாட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்று விடியற்காலையிலேயே எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துக் கூடுவாஞ்சேரி போய்விட்டு வந்திருக்கிறார்.

"நம்ம தெருவுல எனக்குத் தெரியாம இன்னொரு கண்டக்டர் கீறாரா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மேரி டீச்சர் "ஏசுவே!" என்று அலறினார். கூட்டம் பின்னால் திரும்பியது. அப்புறம் ஐந்து நிமிஷம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாம் விளங்கியதும் கண்டக்டர் சார் ஒரு ஹாட்பாக்ஸைத் திறந்தார். "எனக்குத்தான வந்துச்சி? நானே துன்றேன்" என்று உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.

அந்த நேரம் பார்த்து மாவு அண்ணன் இரண்டாவது டிரம்மோடு, முகமெல்லாம் பெருமையோடு வந்து இறங்கினார்.

"மாவு விக்கிறதுக்கு ஒரு மனுஷனையே சாகடிச்சிட்டியாய்யா?" என்று செக்ரட்டரி சார் பாய்ந்தார்.

அண்ணன் தன் போனை எடுத்துத் தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "செத்துட்டார்னு நான் எங்க சார் எழுதிக் கீறேன்?"

"அப்புறம் எதுக்குக் கடைசியில கை கூப்பின?"

"அது தெனிக்கும் போடறது சார். மாவு வாங்குங்கோன்னு கும்புட்டுக் கேக்கறது."

யாரும் நம்பவில்லை. ஒரே காலையில் ஒரு டிரம் விற்று, இரண்டாவது டிரம்மும் வந்து நிற்கிறதே! குரூப்பை ஆரம்பித்தது அவர் என்பதால் அவரை வெளியே தள்ள முடியாது. அதனால் தெருவே வெளியேறியது. ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் 'மாவு ரெடி'யில் மிச்சம் இருந்தது அண்ணன், மாவு அக்கா, நான். எனக்கு எப்படி வெளியேறுவது என்று தெரியாது.

மறுநாளிலிருந்து டிரம் போனபடியே திரும்பி வந்தது. மாவுக்கு நாங்கள் கோபமாக இருப்பது தெரியுமா? அது பாட்டுக்குப் புளித்தது. அவர்கள் வீட்டில் காலையில் ஊத்தப்பம், மத்தியானம் பணியாரம், ராத்திரி மறுபடி ஊத்தப்பம். அக்கா அவருடைய போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வருவார். "மாவு" என்று ஒரே வார்த்தை. அதையும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்வார். "இப்பிடியே போச்சின்னா கிரைண்டர வித்துட்டு, நான் எங்கியாவது வூட்டு வேலைக்குப் போறேன்" என்று மாவு அக்கா என் மனைவியிடம் சொன்னாராம். இந்த முறை கிரைண்டரிடம் சொல்லவில்லை. அதனால் எங்களுக்குப் பயமாக இருந்தது.

நான் வேலை முடிந்து சிறுசேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தபோது, கண்டக்டர் சார் நாற்காலியிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, அந்த மாவு இன்னாதான் எழுதுச்சி? படி."

படித்தேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன். எதிரில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவர் 'உள்ள போ' என்றுகூடச் சொல்லவில்லை.

"அன்னிக்குக் காலைல நீயும் இந்த வழியாத்தான போன?" என்றார்.

"ஆமா சார்."

"சேர் காலியா கெடந்தத பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. செக்ரட்டரியும் பார்க்கவில்லை. பால் பாக்கெட் போடுகிறவர்கூடப் பார்க்கவில்லை.

"சரி, போ" என்றார்.

மறுநாள் காலை தெருவில் ஒரு விசில் சத்தம். எட்டிப் பார்த்தால் மாவு அண்ணன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பின்னாலேயே கண்டக்டர் சார், வாயில் பழைய விசில். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஊது. "மாவு, மாவு, மாவு! எறங்கி வந்து வாங்கிக்கோ! இன்னாம்மா டீச்சர், எனக்காக அழுதியே, இப்ப ஒரு கிலோ வாங்கறதுக்கு இன்னா? செக்ரட்டரி சார், கதவ தொற! உள்ள கீறன்னு தெரியும், செருப்பு வெளில கீது!"

செத்தவரே நேரில் வந்து விற்கும்போது எப்படி வாங்காமல் இருப்பது? செக்ரட்டரி சார் கதவைத் திறந்தார். கையில் பாத்திரம் இருந்தது.

குரூப்புக்கும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். செக்ரட்டரி சார் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: ஆட்களைப் பற்றி எழுதினால் முதலில் அவர்கள் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். அன்றிலிருந்து அண்ணனுடைய எல்லாப் படமும், அது கொக்காக இருந்தாலும், "எல்லாரும் சொகம்" என்றுதான் ஆரம்பிக்கும். மாவு இன்னும் கடைசி வரியில்தான் வருகிறது. அதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொன்றும் எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே மாவு அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். தப்பாக எதையாவது எழுதிவிடுவாரே என்ற பயம்தான் என்று சொல்லிக்கொள்கிறோம்.

போன வாரம் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. நானும் போய்ச் சொன்னேன்.

"எப்ப வருவீங்கோ?" என்று கேட்டார்.

"திங்கட்கிழமை அண்ணே."

"பிள்ளைங்கள பத்திரமா கூட்டிகினு போய்ட்டு வா."

எனக்கு அப்படிச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. "சரிண்ணே" என்றேன், ஊரில் இருந்த மூன்று நாளும், வந்துவிட்டோம் என்று அவரிடம் போய்ச் சொல்லத் திங்கட்கிழமை எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.