அவிய இப்பத்தான் வெளிய போனாவ

ஒரே தொண்டைக்குள் நாலைந்து ஜில்லாக்களைக் குடிவைத்திருந்த மனுஷி இந்த உலகத்தில் ஒருத்திதான். தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே டெலிபோன் பூத் வைத்திருந்தார். எஸ்.டி.டி. அக்கா என்றால்தான் யாருக்கும் தெரியும்.

நான் அப்போது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வாங்கி வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூருக்குப் போன் போட்டால் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு விலையைக் குறைப்பார்கள். ஒருநாள் அக்கா ரிசீவரைப் பிடுங்கினார்.

"ஏனுங்க, நல்லாருக்கீங்களா? சரக்கு அனுப்பிச்சுரலாங்களா?"

ஆர்டர் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கும் கூமாப்பட்டி மாங்காய் வியாபாரிகளுக்கும் அக்காதான் வாய். மெட்ராஸ் லாரி ஷெட்டுக்கு "இன்னா நைனா" என்பார். ஆபீஸ்களிடம் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார். ரிசீவரை வைத்த மறுநிமிஷம், "ஏலே, செத்த தள்ளி நில்லு, காத்து வரட்டும்" என்பார்.

ஒருநாள் கோயம்புத்தூர் முதலாளியே இனிப்புப் பொட்டலத்தோடு பூத்துக்கு வந்து நின்றார். "எங்கூரு அம்மிணி ஒருத்தர் இங்க இருக்காங்களாமுங்க?"

அக்காவை அத்தனை ஜில்லாவும் ஒரே நேரத்தில் கைவிட்டன. "அவிய இப்பத்தான் வெளிய போனாவ" என்றார். மனிதர் சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு, அந்த 'அவிய' வந்ததும் கொடுக்கச் சொல்லிப் பொட்டலத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் தின்று தீர்த்தோம்.

இந்த வித்தையெல்லாம் எதற்குப் பழகினார் என்பது எனக்குத் தெரியும். முன்பே மகளை மெட்ராஸில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணத்தில் அக்கா வாய் திறந்தபோதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்; அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இதெல்லாம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவராகப் போன் போட்டதே இல்லை. மகள் கூப்பிட்டாலும், அங்கே பக்கத்தில் யார் காதிலாவது விழுமோ என்று ரேடியோ தமிழில்தான் பேசுவார்.

மகளுக்கு ஏழாம் மாதம் முடிந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புவதாகச் சம்பந்தி வீட்டில் மூச்சே விடவில்லை. கேட்டே ஆகவேண்டும். அக்கா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு போன் போட்டார்.

"வணக்கம். தங்கள் மருமகளின் பிரசவம் குறித்துப் பேச விரும்புகிறேன்."

"எந்த ஆஸ்பத்திரிம்மா? நாங்க வேற டாக்டர் பார்த்தாச்சு." சம்பந்தியம்மா வைத்துவிட்டார்.

பதற்றத்தில் அடுத்த தடவை வாயில் கோயம்புத்தூர்ப் பேச்சு வந்துவிட்டது. "ஏனுங்க..."

"ராங் நம்பர்!"

மூன்றாம் தடவை அக்கா அழுதேவிட்டார். "மதினி, வச்சிறாதீய! நாந்தான் பேசுதேன். எம்புள்ளைய அனுப்பி வையுங்க, நான் பாத்துக்கிடுதேன்!"

"ஐயோ, சம்பந்தியா!" எதிர்முனைக் குரல் பூத் முழுக்கக் கேட்டது. "நீங்க வாயத் தொறந்து கேக்கணும்னுதானே இத்தனை நாளா காத்துக்கிட்டிருக்கோம்!"

பிறகு மகள் லைனுக்கு வந்தாள்.

"ஏட்டி, எதுக்கு அழுத? வீட்டுக்கு வாட்டி."

"அம்மா, இன்னொரு தடவ ஏட்டின்னு சொல்லும்மா."

மீட்டர் அதுபாட்டுக்கு ஓட, அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கோயம்புத்தூருக்கு நானே பேசிக்கொண்டேன். வழக்கம்போல் சிரித்தார்கள். நான் பேசுவதும் எங்கள் அக்கா பேசுகிற பேச்சுதானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.