சொந்த வாக்கியத்தில் அமைத்துக் கூறுக

என் மகளுக்கு நான் கொடுத்த தமிழில் பாதிக்கு மேல் விலைவாசியைப் பற்றியது. தாலாட்டு எனக்கு வராது. கதை சொல்லத் தொடங்கினால் நான்தான் முதலில் தூங்குவேன். ஆனால் கடைக்குக் கடை, பில்லுக்குப் பில் நான் புலம்பியதை எல்லாம் அவள் கார் சீட்டில் பெல்ட் மாட்டிக்கொண்டு கேட்டபடியேதான் வளர்ந்தாள். 'கொள்ளையடிக்கிறான்', 'சொத்தையே எழுதிக் கேக்கறான்', 'கட்டுப்படி ஆகாது' என்பவைதான் அவள் காதில் விழுந்த செந்தமிழ். (கடைக்காரனுக்குப் புரியாது என்ற தைரியத்தில் அவன் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே திட்டுவது, இந்த நாடு எனக்குக் கொடுத்த அருமையான சுதந்திரம்.)

இப்படிப்பட்ட நான்தான் வெஸ்ட் வின்ட்சரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். வார நாட்களில் மருந்துக் கம்பெனி வேலை. ஞாயிறு மதியம் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் தமிழ்த்தொண்டு. சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாகத் தலைக்கனம் கிடைக்கும். எனக்கு நிறையவே கிடைத்தது.

நான் சொல்லப்போவது, என் மகள் யாழினி பள்ளிப் படிப்பை முடித்த வருடம் நடந்தது. இரண்டு கல்லூரிகள் அவளைக் கூப்பிட்டிருந்தன. ஒன்று எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம், கம்ப்யூட்டர் சயின்ஸ். மற்றொன்று மாசசூசெட்ஸில் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி, மொழியியல். முதலாவது எங்களால் முடியும். இரண்டாவதற்கு வீட்டை மறுபடியும் அடமானம் வைக்க வேண்டும். அவளுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

"லிங்க்விஸ்டிக்ஸ் படிச்சிட்டு என்னடி பண்ணுவே?"

"ஐ டோன்ட் நோ யெட், மா. தெரிஞ்சிக்கத்தானே படிக்கறது?"

"தெரிஞ்சிக்கறதுக்கா இவ்ளோ ஃபீஸ்? லைப்ரரில சும்மாவே தெரிஞ்சிக்கலாமே!"

என் கணவர் பாஸ்கர் இந்த மாதிரி நேரங்களில் பாத்திரம் கழுவப் போய்விடுவார். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அந்த ஏப்ரல் மாதத்தில் பளபளத்ததுபோல எப்போதும் பளபளத்ததில்லை.

மொழிகள் மேல் அவளுக்கு ஆசை வந்ததற்குக் காரணமே நான்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து வயதில் அழ அழத் தமிழ் வகுப்புக்கு இழுத்துப் போனவள் நான். 'தமிழ் எவ்வளவு அழகு பாரு' என்று பன்னிரண்டு வருடம் சொல்லிவிட்டு, அவள் ஒரு நாள் திரும்பி 'ஆமாம், அதையே படிக்கிறேன்' என்றதும் எனக்கு நெஞ்சு வலித்தது. தமிழ் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. திங்கட்கிழமைக்கு வேறு படிப்பு வேண்டாமா?

அப்போதுதான் ஆண்டு விழா வந்தது. என் மூளையில் ஒரு திட்டம் உதித்தது. (என் மூளையில் எது உதித்தாலும் பாஸ்கர் உடனே பாத்திரம் கழுவப் போவார். அதற்குக் காரணம் உண்டு.) வழக்கமான நடனத்துக்குப் பதிலாக, செலவையும், போட்ட முதலையும் பற்றி ஒவ்வொரு மொழிக்காரரும் எப்படிப் பேசுகிறார்கள் என்று பிள்ளைகள் மேடையில் சொல்ல வேண்டும். ஒரு வெளிமொழித் தொடர், அதற்கு ஈடான தமிழ்த் தொடர், பிறகு அதைச் சொந்த வாக்கியத்தில் அமைத்துக் கூற வேண்டும்.

வெளியே சொன்ன காரணம் பன்மொழிப் பண்பாடு. உள்ளே இருந்த காரணம் வேறு. எல்லா மொழியிலும் செலவு செலவு என்று தேடித் தேடிப் படித்தால், இந்தப் பெண்ணுக்குச் செலவின் கனம் புரியாதா? அதனால் 'முதலுக்கே மோசம்' என்ற தொடரை வேண்டுமென்றே யாழினிக்கு ஒதுக்கினேன்.

இன்னொரு கொள்கையும் வைத்தேன். எங்கள் விழாக்களில் பிள்ளைகள் பேசுவதை எல்லாம் பெற்றோர்தான் எழுதுவார்கள். பிள்ளைகள் பொருள் தெரியாமல் ஒப்பிப்பார்கள். இந்த முறை பெற்றோர் கை வைக்கக் கூடாது, வாக்கியம் பிள்ளையுடையதாக, உண்மையானதாக இருக்க வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். என்னோடு பாடம் எடுக்கும் கவிதா தயங்கினாள்.

"அக்கா, ரிகர்சல்ல ஒரு தடவ கேட்டுடலாமே?"

"கேட்டா ஃப்ரெஷ்னஸ் போயிடும் கவிதா."

போகவில்லை. வாசமாகவே இருந்தது.

சிறப்பு விருந்தினர் ராஜன். எங்களில் பாதிப் பேருக்கு வீடு பிடித்துக்கொடுத்த ரியல் எஸ்டேட் ஏஜென்ட். விழாவுக்குச் சாப்பாடும் அவர் செலவு. முன்வரிசையில் பட்டு ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தார். நான் மைக்கோடு மேடை ஓரத்தில். ஒவ்வொரு பிள்ளை முடித்ததும் 'சரியான வாக்கியம், கைதட்டுங்கள்' என்று சொல்வது என் வேலை.

முதலில் வந்த பையன் நிமிர்ந்து நின்றான். "சீன மொழியில் வான விலை என்பார்கள். தமிழில் யானை விலை குதிரை விலை. என் வாக்கியம். ராஜன் அங்கிள் எங்கள் வீட்டை யானை விலை குதிரை விலை சொல்லி எங்கள் தலையில் கட்டினார்."

கூடம் அதிர்ந்தது. ராஜன் "குட், குட்" என்று சிரித்தார், கழுத்து மட்டும் சிவந்தது. பையனின் அப்பா தரையில் எதையோ தேடத் தொடங்கினார். ('தலையில் கட்டினார்' நான் சொல்லிக்கொடுத்தது அல்ல. வீட்டுப்பாடம்.)

"சரியான வாக்கியம், கைதட்டுங்கள்" என்றேன்.

அடுத்து ஒரு குட்டிப் பெண். "ஸ்பானிஷில் முகத்தில் இருக்கும் ஒரு கண்ணையே விலையாகக் கேட்கிறது என்பார்கள். தமிழில் கையைக் கடிக்கிறது. என் வாக்கியம். தாத்தாவுக்கு எடுத்த இன்சூரன்ஸ் கையைக் கடிக்கிறது. தாத்தா ஒரு தடவைகூட டாக்டரிடம் போகவில்லை, எல்லாம் வேஸ்ட்."

தாத்தா இரண்டாவது வரிசையில், குல்லாய் போட்டுக்கொண்டு, தன் ஆரோக்கியத்துக்காக வெட்கப்பட்டபடி இருந்தார்.

மூன்றாமவன் ஜப்பானிய கார்ட்டூன் பைத்தியம். "ஜப்பானியர்கள் விலையைக் கேட்டால் விழி வெளியே குதித்துவிடும் என்பார்கள். தமிழில் விழி பிதுங்குகிறது. என் வாக்கியம். லட்சுமி ஆன்ட்டி தன் மகளின் அரங்கேற்றத்துக்குச் செய்த செலவைக் கேட்டு அம்மாவுக்கு விழி பிதுங்கியது. அவ்வளவு செலவு செய்தும் தாளம் வரவில்லை."

அதுவரை நிகழ்ச்சியை ஆசையாகப் படமெடுத்துக்கொண்டிருந்த லட்சுமி போனை மெல்ல மடியில் கவிழ்த்தார்.

கவிதா திரைக்குப் பின்னாலிருந்து என் புடவையை இழுத்தாள். "அக்கா, போதும், நிறுத்திடலாம்."

"அடுத்தது யாழினிதான். அவ பெரியவ, சமாளிச்சிடுவா."

யாழினி வந்து மைக்கைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தாள். எங்கள் கேள்விகளுக்கு வீட்டில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அவள் தமிழில் இத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"பல மொழிகளில் விலை அதிகம் என்றால் கண், கழுத்து, கை, கால் என்று உடம்பில் ஒன்றைக் கேட்கிறார்கள். முதலைப் பற்றித் தேடினேன், எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. பிரெஞ்சில், சேர்த்த முதலில் கை வைத்தால் அதன் கொம்பை உடைத்ததாகச் சொல்வார்கள். தமிழில் முதலுக்கே மோசம். லாபம் வராவிட்டாலும் போகட்டும், போட்டதே போய்விடுமோ என்று பயப்படும்போது சொல்வது."

ழகரம் வழுக்கவே இல்லை. தலைமை ஆசிரியர் சண்முகம் சார் கண்ணை மூடித் தலையாட்டினார். நான் பெருமையில் நனைந்துகொண்டிருந்தேன்.

"என் வாக்கியம். அம்மாவும் அப்பாவும் ஊரை விட்டு வந்து போட்ட முதல் நான்தான். எனக்குப் பிடித்ததை நான் படித்தால் முதலுக்கே மோசம்."

யாரும் சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் சாம்பார் டிரேயைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு தாய் சொல்லக்கூடியது எத்தனையோ இருந்திருக்கும். வாயைத் திறந்தேன்.

"சரியான வாக்கியம், கைதட்டுங்கள்."

தட்டினார்கள். பலமாகவே தட்டினார்கள். ராஜன் எழுந்து நின்று தட்டினார். முதல் பரிசு அவளுக்கே கிடைத்தது. உச்சரிப்புக்காம்.

சாப்பாட்டு வரிசையில் லட்சுமி என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க பொண்ணு என்னமா பேசறா! போட்டது வீண் போகல." தாளம் தப்பாமல் சொன்னார்.

காரில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் பாஸ்கர், "இட்லி கொஞ்சம் கல்லு மாதிரி இருந்துச்சில்ல?" என்றார். பாவம், காரில் கழுவுவதற்குப் பாத்திரம் இல்லை.

நான் பின்னால் திரும்பினேன். "யாழி, நீ அந்த காலேஜுக்கே போடி. எப்படியாவது பாத்துக்கலாம்."

"இட்ஸ் டன், மா. இங்க ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு அக்செப்ட் பண்ணிட்டேன்."

"எப்போ?"

"காலைல. நீ புடவைக்கு சேஃப்டி பின் தேடிட்டு இருந்தே."

"அப்புறம் ஏன்டி மேடையில அப்படிச் சொன்னே?"

"நீதானே உண்மையா இருக்கணும்னு சொன்னே?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அண்ட் நீ கரெக்ட்னும் சொல்லிட்டே."

அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்ற நிம்மதி, வயிறு குளிர வந்தது. அழுகை இரண்டு மூன்று நாள் கழித்து, அலுவலகத்தில், ஒரு மீட்டிங்கின் நடுவில், மைக் ஆஃப் ஆகாமல் இருந்தபோது வந்தது. (அது தனி அவமானம்.) அன்றைக்கே யாழினியிடம் மறுபடியும் கேட்டேன். முடிவை மாற்ற இன்னும் நேரம் இருந்தது. 'வேண்டாம் மா, ஐ'ம் குட்' என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் கதவைத் தட்டவில்லை. தட்டியிருக்கலாம்.

அடுத்த வருடம் தமிழ்ப்பள்ளி பழையபடி நடனத்துக்குத் திரும்பியது. நானும் வகுப்பைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டேன். யானை விலை சொன்ன பையனின் அப்பா வீட்டை விற்க வேறு ஏஜென்ட் பிடித்தார். எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் மட்டும் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, சரியான வாக்கியம்!" என்று கத்துகிறார்கள்.

யாழினி இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். நன்றாகவே படிக்கிறாள். ஒவ்வொரு செமஸ்டர் மார்க் வந்ததும் போன் செய்வாள். "மா, வட்டி வந்துடுச்சு, செக் பண்ணிக்கோ." அவளாக ஆரம்பித்த ஜோக். பாஸ்கர் ஸ்பீக்கரில் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் சிரிப்பதைக் கேட்டு அவள் சிரிப்பாள். நான் இருவரையும் கேட்டுச் சிரிப்பேன்.

போன டிசம்பரில் அப்படி எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, எனக்கு என்ன தோன்றியதோ, "நல்லா இருக்கியாடி? சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன்.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"அது வேற அக்கவுன்ட், மா" என்றாள்.

பாஸ்கர் இதை இப்போது எந்த விருந்துக்குப் போனாலும் சொல்கிறார். அவள் குரலிலேயே சொல்வார். கூட்டம் சிரித்து ஓயும். நல்ல ஜோக்தான். அவர் மறந்துபோனால் நானே எடுத்துக்கொடுக்கிறேன்.