என் அலையும் இன்னுங்கொஞ்சத்தின் கோபமும்

தன் கோபத்தை வைத்தே ஒரு சபையை அழவைத்த மனிதரை மலாயா முழுக்கத் தேடினாலும் ஒருவரைத்தான் காணலாம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் அவர் குடியிருந்தார். ரயில்வேயில் விளக்குக்காரர். சிக்னல் கம்பத்தில் ஏறி, விளக்குக் கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றிவிட்டு இறங்குவது அவருடைய உத்தியோகம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எதுவோ, சபையில் அவருக்கு 'இன்னுங்கொஞ்சம்' என்றுதான் பெயர். அவரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததுபோல என் மேலதிகாரியின் சம்பளத்தைப் பார்த்துக்கூட எரிந்ததில்லை.

காரணம் உண்டு. புதன்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வேதபாடம், கடைசியில் சாட்சி. ஆண்டவர் தன்னை எப்படி நடத்தினார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். அந்த ராஜ்யத்துக்கு நான்தான் ராஜா. கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை, நல்ல குரல், கைவசம் ஓர் அருமையான சாட்சி. நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல் புயலில் சிக்கியது, நான் முழங்காலில் நின்று என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தது, உடனே அலை அடங்கியது. முதல் தடவை சொன்னபோது அந்த அலை கப்பலின் கைப்பிடி உயரம் இருந்தது. சில வருஷங்களில் புகைபோக்கியை எட்டிவிட்டது. மனந்திரும்பிய நாளிலிருந்து என்னிடம் வளர்ந்தது அந்த அலை ஒன்றுதான் என்பாள் என் மனைவி. அவள் என்ன சொன்னாலும், பெண்கள் பாயில் இருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் இவர் சிரம்பானிலிருந்து மாற்றலாகி வந்தார். மகா கோபக்காரர். சோறு குழைந்தால் பானையைத் திட்டுவார். மழை பெய்தால் கூரையைத் திட்டுவார். முதல் புதன்கிழமை எழுந்து நின்று அவர் சொன்ன சாட்சி இது:

"போன வாரம் கோவத்துல கதவ ஓங்கிச் சாத்தினேன். இந்த வாரமும் கோவம் வந்துச்சு. மெதுவாத்தான் சாத்தினேன். ஆனா மனசுக்குள்ள ஓங்கிச் சாத்திட்டேன். இன்னுங் கொஞ்சம் வளரணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "நெசந்தான்" என்றார் பெண்கள் பாயிலிருந்து அவர் மனைவி.

இதெல்லாம் ஒரு சாட்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கடல் இல்லை, புயல் இல்லை, வெறும் கதவு. ஆனால் அடுத்த புதன்கிழமை பாட்டு முடிவதற்குள்ளேயே ஒரு கிழவர், கதவு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டார். மனசுக்குள்ளேயும் பாதிதான் சாத்தினாராம். அப்புறம் கதவிலிருந்து பக்கத்து வீட்டுச் சேவலுக்கு வந்தார். முதலில் அதன்மேல் கல் எறிந்தார், பிறகு கல்லை எடுத்துக் கீழே போட்டார், பிறகு அதற்கே அரிசி போட்டார். ஆனாலும் அது விடியற்காலையில் கூவும்போது அந்த அரிசியை நினைத்து வருந்துவாராம். இன்னுங் கொஞ்சம் வளர வேண்டுமாம். ஜனங்கள் பாயில் இடம் பிடிக்க முன்கூட்டியே வர ஆரம்பித்தார்கள். நான் என் அலையோடு எழுந்தால் ஆண்கள் வெற்றிலை போட வெளியே போனார்கள்.

நானும் இந்த வழியில் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. என்னிடம் திருந்த வேண்டிய குறை ஏதாவது இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சௌகரியமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எதுலேருந்து ஆரம்பிக்கட்டுங்க?" என்றாள்.

அந்த யோசனையை அத்தோடு கைவிட்டேன்.

அந்த வருஷக் கன்வென்ஷன் கிள்ளானில். சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் கூடும். சிங்கப்பூரிலிருந்து துரை போதகர் ஒருவர் வருவார். சபைக்கு ஒருவர் மேடையேறிச் சாட்சி சொல்வது வழக்கம். எங்கள் சபைக்கு எப்போதும் நான்தான். கோட்டைக்கூடக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன். ஆனால் எங்கள் போதகர் இந்தத் தடவை இன்னுங்கொஞ்சம் பேசட்டும் என்று முடிவு செய்தார். வருத்தமா என்று என்னைக் கேட்டபோது சிரித்துக்கொண்டே இல்லை என்றேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிள்ளானுக்குப் போகிற ரயிலில், அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, குரல் மட்டும் போனால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தொண்டை கட்டவில்லை. அதைவிட நல்லது நடந்தது. கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியதும் அந்த ஊர் விளக்குக்காரர் ஒருவர், நெற்றியில் திருநீறும் கையில் சிக்னல் விளக்குமாக எதிரே வந்தார். கண்ணாடியெல்லாம் கரி. இன்னுங்கொஞ்சம் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுவாய்யா வெளக்கு? பச்சையா செவப்பான்னு டிரைவருக்கு எப்படிய்யா தெரியும்? ரயில்ல வர்றதெல்லாம் மனுசன் இல்லையா?"

அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கதவிலும் சேவலிலும் மிச்சம் பிடித்துவைத்த கோபம் முழுவதும் அந்தப் பிளாட்பாரத்தில் கொட்டியது. அந்த மனிதரின் அப்பா, அம்மா, தாத்தா, ஊர் ஒன்றையும் விடவில்லை. சாப்பாட்டுக் கூடைகளோடு நின்ற எங்கள் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். போதகர் வெளிறிப்போனார். என் மனசுக்குள் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தது.

"கிராணியாரே, நீங்களே சொல்லிடுங்க" என்றார் போதகர்.

கன்வென்ஷன் பந்தலில் மேடையேறிச் சொன்னேன். என் அலை அன்றைக்குக் கொடிமரத்துக்கு மேலே எழும்பியது. துரைக்குப் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். ஜனங்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

நான் இறங்கி உட்கார்ந்தபோது பந்தல் வாசலில் இன்னுங்கொஞ்சம் வந்து நின்றார். பக்கத்தில் அந்தக் கிள்ளான் விளக்குக்காரர். இருவருக்கும் முழங்கைவரை கரி. உட்கார்ந்து ஸ்டேஷன் விளக்குகள் அத்தனையையும் துடைத்திருக்கிறார்கள். இன்னுங்கொஞ்சம் போதகரிடம் அனுமதி கேட்டு, மேடையில் ஏறாமல் கீழேயே நின்று பேசினார்.

"வெளக்கு அழுக்கு. அதச் சொல்ல வேண்டியதுதான். இவரப் பெத்தவங்கள ஏன் இழுத்தேன்? வளந்துட்டேன்னு நெனச்சு மேடையேற வந்தேன். பாதிக் கம்பத்துல வழுக்கிட்டேன். திரும்ப அடியிலேருந்து ஏறணும். ஆண்டவரு அடியிலயும் நிக்கிறாரு, அது போதும். இன்னுங் கொஞ்சம்."

"நானுந்தான் பேசிட்டேன், விடுங்கலா அண்ணே" என்றார் திருநீற்றுக்காரர்.

பந்தலே அழுதது. மொழிபெயர்ப்பாளர் பாதியில் குரல் கம்மி நின்றுவிட்டார். துரை கைக்குட்டையைத் தேடினார். நான் நிமிர்ந்து நின்று வாங்க முடியாத கண்ணீரை இந்த மனிதர் விழுந்து வாங்கிவிட்டார். என் பக்கத்தில் என் மனைவியும் விசும்பிக்கொண்டிருந்ததுதான் பொறுக்க முடியவில்லை.

திரும்பும் ரயிலில் வேறு இடமில்லாமல் அவர் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கிராணியாரே, ஒங்க அலையக் கேக்க முடியாமப் போச்சு. எனக்காக இன்னொரு தடவ சொல்லுங்களேன்" என்றார்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். அவர் முதல் தடவை கேட்பவர்போல வாயைப் பிளந்து கேட்டார். அப்படி என் சாட்சியை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கதை முடிகிறபோது பார்க்கிறேன், என் அலை கப்பலின் கைப்பிடியைத் தாண்டவே இல்லை. "பயந்துதான் போயிருப்பீங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்றேன். அதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

பிறகு அவரை ரவாங்குக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தில் சாட்சி ராஜ்யம் மறுபடியும் என் கைக்கு வந்தது. பாயில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது. போன மாதம் அங்கிருந்து வந்த ஒருவர், அவர் இப்போது தன் வீட்டுக் கூரையோடு சமாதானம் செய்துகொண்டிருப்பதாகவும், அதைக் கேட்க ஜனங்கள் வாசல்வரை நிற்பதாகவும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கொடுத்துவைத்தவர்கள் அந்த ரவாங்குக்காரர்கள்.