தீர்த்தம் ஒட்டாத கார்

மேல் பிரிவு,
தெரணியகலை.

பாசமுள்ள மச்சான் ரெஜினோல்ட் அவர்களுக்கு,

அக்கா வீட்டுக்காரர் அருளப்பன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்கா தெரேசம்மாவும் மகள் சரோனும் இங்கு சுகம். கட்டாரில் உங்களுக்கு வெயிலைத் தவிர வேறு குறை இருக்காது என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நான் வாட்ஸ்அப்பில் எட்டு நிமிடம் பேசி அனுப்பினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அது முதலாவது நிமிடத்துக்கா, எட்டாவது நிமிடத்துக்கா என்று எனக்கு விளங்குவதில்லை. அதனால்தான் லீவில் வந்து நாளை அங்கே திரும்பும் முத்துவீரனின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் வேலை செய்யும் கார் கடையிலிருந்து அனுப்பிய செராமிக் கோட்டிங் போத்தல் பத்திரமாக வந்தது. பூசினால் பிரயோஜனம் இருக்கிறதா, பெயிண்டைக் காப்பாற்றுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது மச்சான். இந்த மாதம் எங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் நீங்கள் தெரிந்துகொண்டால்தான் பதில் விளங்கும். கேள்வியைக் கேட்டது நீங்கள், ஆகவே பொறுமையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சரோனின் கல்யாணம் அடுத்த மாதம் இருபத்து நாலாம் திகதி. கல்யாணக் கார் வாடகைக்குப் பிடிக்கலாம் என்று நான் சொன்னபோது, "நம்ம கார்லதான் கோயிலுக்குப் போவேன்ப்பா" என்று பிள்ளை சொல்லிவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் நம்ம கார் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ரிட்டயர் ஆனபோது வாங்கிய பழைய கருநீல ஆல்டோ. தோட்டத்து ரோட்டின் செம்மண்ணும், வாசல் மரத்தில் தொங்குகிற வௌவால்களின் உபயமும் சேர்ந்து, கருநீலம் என்று கார்ப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதைக் காட்டினால்தான் பொலிஸ்காரரே நம்புவார். அந்த நேரத்தில்தான் உங்கள் போத்தல் வந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கார் கழுவும் நிஸாரிடம் போத்தலையும் காரையும் ஒன்றாக ஒப்படைத்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், அது என் கார்தான் என்று நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் உறுதிசெய்தேன். பொனட்டில் குனிந்தால் என் மூக்கு மயிர் தெரிகிறது. நிஸார் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது, ஒரு சொட்டு தங்கவில்லை. முப்பத்தைந்து வருடம் ரப்பர் பெக்டரியில் வேலை செய்தவன் நான். ரப்பர் பால் ஒரு துளி கால்சட்டையில் பட்டால் கால்சட்டை கிழியும் வரைக்கும் அது போகாது. எதிலும் ஒட்டுகிற சாமானோடு வாழ்நாளைக் கழித்தவனுக்கு, எதுவுமே ஒட்டாத ஒன்றைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து வாசலில் காரை நிறுத்தி, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஊற்றிக் காட்டினேன். மளிகைக்கடை முதலாளி தன் பங்குக்கு ஒரு வாளி ஊற்றிப் பார்த்து, "நியமய் மாத்தயா" என்று சிங்களத்தில் மெச்சி என் தோளில் தட்டினார். அன்றைக்கு என்னைப் போல் சந்தோஷமான மனுஷன் சப்ரகமுவ மாகாணத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

சங்கடம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. பிள்ளை ஏறப்போகும் காரை மந்திரிக்காமல் எடுக்கக்கூடாது என்று தெரேசம்மா சொன்னாள். அது நியாயம்தான். பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் காரை நிறுத்தினேன். பாதர் சுதாகரன் செபத்தைச் சொல்லி, தீர்த்தத்தைப் பொனட்டில் தெளித்தார். தீர்த்தம் முத்து முத்தாக உருண்டு, மண்ணில் விழுந்து, காணாமல் போனது. தெரேசம்மா என்னைப் பார்த்தாள். பாதர் கதவில் தெளித்தார், கூரையில் தெளித்தார், டிக்கியில் தெளித்தார். தெளித்த வேகத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. அடுத்த சிங்களப் பூசைக்கு வந்து நின்றவர்களும் கூடிவிட்டார்கள். நான் பெருமையாக, "பாத்தீங்களா பாதர், என்ன மாதிரி வழுக்குது" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாட்டை உங்கள் அக்காவிடம் கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள், மறுபடி தொடங்கிவிடுவாள்.

வீட்டுக்கு அவள் பஸ்ஸில் வந்தாள் மச்சான். கார் இருக்க பஸ்ஸில். வந்து, தேத்தண்ணி ஊற்றி எனக்கும் ஒன்றை வைத்துவிட்டு, சத்தமே போடாமல் சொன்னாள்: "தீர்த்தத்தையே தள்ளி விடுற காருங்க அது. அதுல நான் ஏறமாட்டேன். எம்புள்ளய ஏத்தவும் விடமாட்டேன்." அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சரோனிடம் போய், நீயாவது அம்மாவிடம் பேசு என்று கெஞ்சினேன். அவளோ, அம்மா பக்கத்தில் உட்காராமல் கோயிலுக்குப் போக முடியாது, வேறு காரிலும் போகமாட்டேன் என்று இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிவிட்டாள். ஆக, என் ஒரே மகளின் கல்யாணம் உங்கள் போத்தலில் வந்து மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் என்ன காரணம் சொல்வது? கார் மிகவும் பளபளப்பாக இருக்கிறது, அதனால் பெண் வரவில்லை என்றா?

கார் அழுக்காக இருந்தால் தண்ணீர் ஒட்டும் என்று ஒரு யோசனை வந்தது. பெக்டரிக்குப் பின்னால் இருக்கிற செம்மண் ரோட்டில் வேண்டுமென்றே மூன்று தடவை ஓட்டினேன். நல்ல மழை. பள்ளம் பார்த்து இறக்கினேன், சேறு கண்ணாடிக்கு மேலே பறந்தது. வீட்டு முடக்கில் திரும்புவதற்குள் மழையே எல்லாவற்றையும் கழுவிவிட்டது. வாசலில் நின்ற தெரேசம்மா, "கழுவிட்டா வர்றீங்க?" என்று கேட்டாள். அடுத்ததாக, பின்கண்ணாடியில் அந்தோனியார் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினால் அவள் மனம் இளகும் என்று பார்த்தேன். காலையில் ஒட்டினேன், மத்தியானம் புனிதர் தரையில் கிடந்தார். அதையும் அவள்தான் முதலில் கண்டாள். பூக்காரர் வந்து ரிப்பன் ஒட்டிப் பார்த்தார், டேப் நிற்கவில்லை. கல்யாணக் கார் அலங்கரித்து இருபது வருடமாம், இப்படி ஒரு காரைக் கண்டதில்லை என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றிப் பார்த்தார்.

கடைசியில் பாதரிடம் போய் அழாத குறையாக நின்றேன். அவர் சின்ன வயசு, சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டார். ஆனாலும் புதன்கிழமை தானே வீடு தேடி வந்தார், கையில் ஒரு வாளித் தீர்த்தத்தோடு. தெளித்தால்தானே உருளுகிறது, ஒரேயடியாக ஊற்றிப் பார்ப்போம் என்றார். ஒட்டுகிறதா இல்லையா என்று கிட்ட நின்று பார்க்க, தெரேசம்மா கதவோரமாக வந்து குனிந்து நின்றாள். பாதர் கூரை மேல் வாளியைக் கவிழ்த்தார். அத்தனையும் ஒரே வழுக்காக வழுக்கி, உங்கள் அக்காவின் உச்சந்தலையில் இறங்கியது. கொண்டை, சேலை, செருப்பு, எதுவும் மிச்சமில்லை. சரோன் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கை இத்தோடு சரி என்று நான் நினைத்தேன்.

பாதர்தான் முதலில் பேசினார். "ஆசீர்வாதம் எங்கயும் போகலம்மா. முழுசும் உங்க மேலதான் இருக்கு. நீங்க ஏறி உக்காந்தா காருக்கும் வந்திரும்."

அவள் முகத்தைத் துடைத்தாள். காரைப் பார்த்தாள், பாதரைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, சொட்டச் சொட்ட ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, "பாலம் வரைக்கும் போய்ட்டு வாங்க பாப்போம்" என்றாள். மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரோன் பின்னால் தாவி ஏறினாள். பாலத்துக்குப் போகிற வழியெல்லாம் தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் நான் கியரை மாற்றி மாற்றிப் போட்டேன். சீட் இன்னும் காயவில்லை. காயவே வேண்டாம் என்று இருக்கிறது எனக்கு.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் அனுபவத்தில் பதில் இதுதான். செராமிக் கோட்டிங் பூசிய காரில் சேறு ஒட்டாது, வௌவால் எச்சம் ஒட்டாது, பெயிண்டுக்கு ஒரு கெடுதியும் வராது. அதே நேரம் ரிப்பன் ஒட்டாது, புனிதர் ஒட்டமாட்டார், தீர்த்தம் தங்காது. பெயிண்ட் முக்கியம் என்பவர்கள் தாராளமாகப் பூசலாம். கல்யாண வயதில் பிள்ளையும் பக்தியுள்ள மனைவியும் உள்ளவர்கள் முதலில் மந்திரித்துவிட்டுப் பூச வேண்டும். இதை உங்கள் கடையில் எழுதித் தொங்கவிட்டால் நல்லது.

கல்யாணத்துக்கு லீவு கேட்டு முதலாளியை விடாமல் நச்சரியுங்கள். தாய்மாமன் இல்லாமல் எங்களுக்குச் சரிவராது. மாதா உங்களைக் காத்து, கறுக்காமல், இளைக்காமல், நல்ல சம்பளத்தோடு ஊர் சேர்க்க வேண்டுமென்று மூவரும் மன்றாடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அருளப்பன்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நிஸார் வந்தார். அவர் கையில் உங்கள் போத்தல், சீல்கூட உடைக்காமல். "பூசினா ஒரு நாள் முழுக்கத் தண்ணி படப்படாதுன்னு பெட்டியில போட்டீக்கி ஐயா. இந்த ஊர்ல அப்பிடி ஒரு நாள் எங்க ஈக்கி? நான் அண்டைக்கு வெறும் மெழுகு பொலிஷ்தான் போட்டேன்" என்றார். அன்றைக்கே என்னிடம் சொன்னாராம். காரைப் பார்த்த சந்தோஷத்தில் என் காதில் எதுவும் விழுந்திருக்காது. ஆகவே மேலே எழுதியது எல்லாமே மெழுகைப் பற்றியது. செராமிக் பிரயோஜனமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரேசம்மா வந்து நிஸார் கையிலிருந்து போத்தலை வாங்கினாள். எத்தனை வருடத்துக்கு நிற்கும் என்று கேட்டாள். ஐந்து வருடம் என்று போட்டிருப்பதாக அவர் சொன்னார். "அப்ப இந்தப் போத்தலையே பாதர்கிட்ட குடுத்து மந்திரிச்சிட்டுப் பூசுவோம்" என்றாள் உங்கள் அக்கா. "அஞ்சு வருஷத்துக்கு ஆசீர்வாதம் போகாதுல்ல. பேரப்புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கவும் இதே கார்லயே போய்ருவோம்."